யாழ்ப்பாணத்தில் இருந்து சர்வதேச ஜூடோவுக்கு: ஒரு தகப்பனின் கேள்விக்கு என் பதில்

கேள்வி இதுதான். கோண்டாவில் பக்கம் இருக்கிற ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். மகளுக்கு 14 வயது, மூன்று வருடமாக ஜூடோ பழகுகிறாள், இந்த முறை மாகாண மட்டத்தில் வெண்கலம். "இவள் சர்வதேச மட்டத்துக்குப் போக முடியுமா? போனால் அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்? படிப்பு என்ன ஆகும்? 47 கிலோ இருக்கிற பிள்ளையை 44 கிலோப் பிரிவுக்கு இறக்கினால் அடுத்த முறை தங்கம் நிச்சயம் என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா?"

அண்ணை, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: செய்யாதீர்கள். ஏன் என்று பிறகு வடிவாகச் சொல்கிறேன். மற்றக் கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நான் கொழும்பில் படித்த காலத்தில் ஜூடோ பழகி, தேசிய மட்டம் வரை விளையாடி, ஊருக்குத் திரும்பி இப்போது பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். நான் சர்வதேச வீராங்கனை இல்லை. ஆனால் அந்த வாசல் வரை போனவர்களோடு ஒரே மெத்தையில் விழுந்து எழும்பியிருக்கிறேன், அதனால் சொல்ல ஒன்றிரண்டு விஷயம் இருக்கிறது.

உங்கள் மகளிடம் திறமை இருக்கிறதா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. நான் உங்களிடம் திருப்பிக் கேட்கிற கேள்வி வேறு: பின்னேரங்களில் அவள் யாரோடு பழகுகிறாள்? எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் அவளை எறிகிறார்கள்? ஒரு ஜூடோ வாழ்க்கை எவ்வளவு தூரம் போகும் என்பது பெரும்பாலும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. இதை விளங்கப்படுத்த நான் எப்போதும் சொல்கிற கதை ஒன்று உண்டு.

மைலிண்டா கெல்மெந்தி. யூகோஸ்லாவியா உடைந்து உருவான கொசோவோ நாட்டின் பேயா என்ற ஊரில் 1991இல் பிறந்தவள். பேயா பெரிய நகரம் இல்லை, நகரமும் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்தே ஒரு லட்சத்தைத் தொடாது. 1999இல் போர் முடிந்தபோது ஊரின் பெரும்பகுதி எரிந்து கிடந்தது. இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து கூரை போட்டுக்கொண்டிருந்த காலம். எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த வருடம்தான் எட்டு வயதில், அக்கா போகிறாள் என்று பின்னால் போய், அவள் ஜூடோ பழகத் தொடங்கினாள்.

பழக்கியவர் டிரிட்டன் குக்கா. அவர் யூகோஸ்லாவியாவின் முன்னணி வீரர்களில் ஒருவர், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போயிருக்க வேண்டியவர். நாடு உடைகிற நேரம், கொசோவோ அல்பேனியர்கள் யூகோஸ்லாவிய அணிகளில் இருந்து விலகினார்கள், அவருடைய ஒலிம்பிக் அதோடு போய்விட்டது. ஒரு மனிதனுக்கு விளையாட்டு வாழ்க்கையின் உச்ச வயதில் அப்படி நடந்தால் என்ன செய்வார்? பலர் வெளிநாடு போனார்கள். இவர் போர் முடிந்ததும் தன் ஊரிலேயே, தன் தெருவிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் பழக்கத் தொடங்கினார். கழகத்தின் பெயர் 'இப்பொன்'.

பத்து வருடம் கழித்து, 2009இல், அந்தக் கழகத்துப் பிள்ளை பாரிஸில் கனிஷ்ட உலக சம்பியன். ஆனால் நாட்டுக்கு ஒலிம்பிக் அங்கீகாரம் கிடையாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவள் அல்பேனியாவின் பெயரில் இறங்க வேண்டி வந்தது. இரண்டாவது சுற்றில் மொரிஷியஸ் தீவைச் சேர்ந்த கிறிஸ்டியான் லெஜோந்தில் அவளைத் தோற்கடித்தாள். (இந்த வரியை நான் என் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை சொல்வேன், ஏனென்றால் மொரிஷியஸ் எங்களைவிடச் சின்னத் தீவு.) வேறு நாடுகள் தங்கள் பெயரில் விளையாடக் கூப்பிட்டன, அவள் போகவில்லை. அடுத்த வருடம், 2013இல், ரியோவில் 52 கிலோப் பிரிவில் உலக சம்பியன். 2014இல் ரஷ்யாவில் மறுபடியும் உலக சம்பியன், அங்கே சொந்தக் கொடி இல்லாமல் சர்வதேச ஜூடோ சம்மேளனத்தின் கொடியின் கீழ் விளையாடினாள். அந்த வருடக் கடைசியில் ஒலிம்பிக் அங்கீகாரம் கிடைத்தது. 2015இல் காயத்தால் உலகப் போட்டியைத் தவறவிட்டாள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், அரையிறுதியில் ஜப்பானின் மிசாத்தோ நகமுராவையும் இறுதியில் இத்தாலியின் ஒடெத்தே ஜியுஃப்ரிடாவையும் வென்று, அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தங்கமாகவே கொண்டுவந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு அபூர்வப் பிள்ளை பிறந்தாள், வென்றாள் என்று போயிருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் கெல்மெந்தி முதல் போட்டியிலேயே தோற்றாள். ஆனால் அதே ஊர், அதே கழகம், அதே ஆசிரியரிடம் வளர்ந்த டிஸ்ட்ரியா க்ராஸ்னிச்சி 48 கிலோவில் தங்கம், நோரா ஜாகோவா 57 கிலோவில் தங்கம். 2024 பாரிஸில் க்ராஸ்னிச்சி 52 கிலோவில் வெள்ளி, லாவுரா ஃபஸ்லியு 63 கிலோவில் வெண்கலம். அதுவரை கொசோவோ எடுத்த ஒலிம்பிக் பதக்கம் ஐந்தும் ஜூடோவில், ஐந்தும் பெண்கள். மொத்தச் சனத்தொகை இரண்டு மில்லியனுக்கும் குறைவு.

இதற்குக் காரணம் பேயாவின் தண்ணீர் இல்லை. 48 கிலோ, 52 கிலோ, 57 கிலோ என்று அடுத்தடுத்த எடையில் உலகத் தரமான மூன்று பேர் வருடக் கணக்காக ஒவ்வொரு நாளும் ஒருவரை ஒருவர் பிடித்து எறிந்துகொண்டிருந்தார்கள். கெல்மெந்திக்கு உலகப் போட்டியில் கிடைக்கிற எதிரிக்குச் சமமான எதிரி, பக்கத்து மெத்தையிலேயே இருந்தாள். மற்றவர்களுக்கும் அப்படியே. இன்னொன்று கவனியுங்கள்: ஒலிம்பிக்கில் ஒரு எடைப்பிரிவுக்கு ஒரு நாட்டில் இருந்து ஒரே ஆள்தான். கெல்மெந்தி 52இல் இருக்கும்வரை ஒலிம்பிக் வேண்டுமென்றால் க்ராஸ்னிச்சிக்கு 48 தான் வழி. அந்த நாலு கிலோவை ஒவ்வொரு போட்டிக்கும் அவள் உடம்பு கொடுக்க வேண்டியிருந்தது. கெல்மெந்தி ஓய்வு பெற்ற பிறகுதான் 52இல் ஒலிம்பிக்கில் இறங்கினாள். ஓய்வு பெற்ற கெல்மெந்தி எங்கும் போகவில்லை, அதே அணிக்குப் பயிற்றுநராக நின்றாள்.

பழக ஆள் வேண்டும் என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஜூடோவின் தன்மைதான். ஓட்டக்காரன் தனியாக ஓடலாம். நீச்சல்காரிக்குத் தண்ணீர் போதும். ஜூடோவுக்கு எதிர்த்து நிற்கிற ஒரு உடம்பு வேண்டும். ஒரு போட்டி நாலு நிமிடம். முதுகு மெத்தையில் படும்படி வேகமாகவும் பலமாகவும் எறிந்தால் இப்பொன், அந்த விநாடியே முடிந்தது. நாலு நிமிடத்தில் முடிவு வராவிட்டால் 'கோல்டன் ஸ்கோர்', அதற்கு நேர எல்லை இல்லை, முதலில் புள்ளி எடுக்கிறவர் வென்றவர். ஆனால் வெளியில் இருந்து பார்க்கிறவருக்குத் தெரியாத சண்டை ஒன்று அந்த எறிதலுக்கு முன்னால் நடக்கும், உடுப்பைப் பிடிக்கிற சண்டை. யார் யாருடைய கையை முதலில் பிடிக்கிறார், கழுத்துப் பட்டியில் எந்த உயரத்தில் பிடிக்கிறார், பிடித்த பிடியை எப்படி உதறுகிறார் என்பதில் பாதிப் போட்டி முடிந்துவிடும். கெல்மெந்தியின் பெரிய ஆயுதமே அந்தப் பிடிதான். கை எதிராளியின் தோளுக்கு மேலால் முதுகுப் பக்கம் போய் விழுந்தால், எதிராளியால் தலை நிமிர முடியாது. இது புத்தகம் பார்த்தோ காணொளி பார்த்தோ வராது. ஆயிரம் தடவை பிடிக்கப்பட்டால்தான், பிடி வரப்போகிறது என்று தோளுக்கு முன்கூட்டியே தெரியும்.

எனக்கு இது தெரியவந்தது 2003இல். போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம், ஏ9 வழியாக ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி விடுமுறைக்கு வந்து போவோம். கழகத்தில் என்னை எறிய ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். முதல் தேசிய மட்டப் போட்டி. எதிரே நின்ற அக்கா என் இடது கைச் சட்டையை முழங்கைக்குக் கீழே பிடித்து ஒரு சுண்டுச் சுண்டினா, என் கால் இரண்டும் மெத்தையில் இல்லை. சரியாகப் பத்து விநாடி இருந்திருக்காது. மெத்தையில் கிடந்தபடி மண்டபத்தின் கூரைத் தகரங்களைப் பார்த்தது நல்ல ஞாபகம். அந்தப் பிடியை நான் அதற்கு முன் ஒரு தடவைகூட உணர்ந்ததில்லை, அவ்வளவுதான் விஷயம். அடுத்த மாதமே அதே அக்கா பழகுகிற கழகத்துக்கு மாறினேன். ஆறு மாதம் அவவிடம் விழுந்தேன். ஏழாவது மாதம் அவவை ஒரு தடவை எறிந்தேன்.

சரி, உங்கள் மகள் தேசிய மட்டத்தில் வெல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் எப்படி? சர்வதேச ஜூடோவில் 2009இல் இருந்து உலகத் தரவரிசை இருக்கிறது. புள்ளி சேர்க்க வேண்டும், புள்ளி இருக்கிற இடம் வெளிநாட்டில். கண்ட அளவில் நடக்கிற ஓபன் போட்டி வென்றால் 100 புள்ளி, அதற்கு மேல் மட்டத்தில் கிராண்ட் பிரீ 700, கிராண்ட் ஸ்லாம் 1000, உலக சம்பியன் என்றால் 2000. ஒரு வருடம் போனதும் அந்தப் புள்ளி பாதியாகும், இரண்டு வருடத்தில் இல்லாமலே போகும். அதனால் ஒரு தடவை வென்றுவிட்டு வீட்டில் இருக்க முடியாது. தாஷ்கென்ட், அபுதாபி, பாரிஸ், டோக்கியோ என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஒவ்வொரு எடைப்பிரிவிலும் முதல் 17 இடத்துக்கு நேரடி நுழைவு, அதற்குக் கீழே ஒவ்வொரு கண்டத்துக்கும் இத்தனை இடம் என்ற ஒதுக்கீடு. ஆசியா முழுவதுக்கும் அந்த ஒதுக்கீடு 20 இடம், ஆண் 10, பெண் 10, ஒரு நாட்டுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. ஜப்பான், கொரியா, மொங்கோலியா, உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான் எல்லாம் இருக்கிற கண்டம் எங்களுடையது.

இலங்கையில் இருந்து இந்த வழியில் தூரம் போனவர் சாமர தர்மவர்தன. 73 கிலோ. 2016 ரியோவுக்கு, சிறிய அணிகளை அனுப்பும் நாடுகளுக்கு ஒதுக்கப்படுகிற அழைப்பு இடத்தில் போனார். டோக்கியோவுக்கும் போனார், ஆரம்ப விழாவில் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை மில்கா கெஹானியோடு சேர்ந்து கொடி பிடித்தார். அந்த ஜூடோ போட்டி நடந்த புடோக்கான் மண்டபம், 1964இல் ஜூடோ முதன்முதலில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது போட்டி நடந்த அதே மண்டபம். அழைப்பு இடம்தானே என்று சிலர் லேசாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு வருடம் அவர் போல வாழ்ந்து பார்க்கட்டும்.

காசைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராண்ட் ஸ்லாம் தங்கத்துக்கே பரிசு ஐயாயிரம் டொலர் அளவில்தான், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு பயிற்றுநருக்கு. இந்தியாவின் சுஷிலா தேவி, மணிப்பூர்ப் பெண், 48 கிலோ, 2014 கொமன்வெல்த் போட்டியில் வெள்ளி எடுத்தவள். 2018இல் தொடைத் தசைக் காயத்தோடு ஆசிய விளையாட்டைத் தவறவிட்டாள், பிறகு வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகத் தன் காரையே விற்றாள். அந்த ஓட்டத்தில்தான் கண்ட ஒதுக்கீட்டில் டோக்கியோவுக்கு இடம் கிடைத்தது, முதல் போட்டியில் ஹங்கேரியின் அனுபவசாலியிடம் தோற்றாள். 2022இல் பர்மிங்காமில் மீண்டும் கொமன்வெல்த் வெள்ளி. எட்டு வருட இடைவெளியில் இரண்டு வெள்ளி, நடுவில் ஒரு கார் போனது. அவளுக்குப் பொலிஸ் வேலை என்ற பிடிமானம் இருந்தது. எங்கள் நாட்டிலும் முன்னணி ஜூடோ வீரர்களில் நிறையப் பேர் முப்படை அணிகளிலும் பொலிஸ் அணியிலும் சம்பளத்தோடு இருப்பவர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு அந்த வழி வீட்டளவில் எளிதில்லை. அது எங்கள் நிலைமை, அதை வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

இப்போது அந்த எடைக் கதை. பெரிய போட்டிகளில் எடை பார்ப்பது போட்டிக்கு முந்தின நாள் பின்னேரம். அதனால் பலர் கடைசி மூன்று நாள் தண்ணீர் குறைத்து, பிளாஸ்டிக் உடுப்புப் போட்டு ஓடி, தராசில் ஏறி இறங்கியதும் சாப்பிட்டுத் தேறுவார்கள். இதைக் கட்டுப்படுத்தத்தான் அடுத்த நாள் காலையில் சிலரை எழுந்தமானமாகக் கூப்பிட்டு மறுபடி நிறுக்கிறார்கள், பிரிவின் எல்லையை ஐந்து வீதத்துக்கு மேல் தாண்டியிருந்தால் அன்று விளையாட முடியாது. வளர்ந்த வீராங்கனைகள் வைத்தியரோடும் கணக்கோடும் செய்கிற வேலை அது. 14 வயதுப் பிள்ளை எலும்பு வளர்கிற, மாதவிடாய் சீராகிற வயதில் நிற்கிறாள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: ஒரு பிள்ளை போட்டிக்கு முதல் நாள் கொழும்பு பஸ்சில் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், பிளாஸ்டிக் பையில் எச்சிலைத் துப்பிக்கொண்டே வந்தாள். தராசு ஏற்றுக்கொண்டது. காலையில் மெத்தையில் நடுங்கிக்கொண்டு நின்றாள். அந்த வருடத்தோடு ஜூடோவை விட்டாள். உங்கள் மகளுக்குப் பசித்தால் புட்டும் மீன் குழம்பும் போடுங்கள். இந்த வருடம் 48, அடுத்த வருடம் 52 என்று அவள் வளர்கிற பிரிவில் விளையாடட்டும். தோற்றால் தோற்கட்டும்.

காயம் வரும். விரல் மூட்டுத்தான் முதலில். என் பிள்ளைகள் பழக வந்ததும் முதல் பத்து நிமிடம் சுவரோடு சாய்ந்து விரலுக்கு டேப் சுற்றுவார்கள்: மூட்டுக்குக் கீழே இரண்டு சுற்று, மேலே இரண்டு சுற்று, மூட்டு மடியும்படி நடுவில் விட்டு, பல்லால் கடித்து அறுப்பார்கள். அது பெரிய விஷயம் இல்லை. முழங்கால் பெரிய விஷயம். முழங்கால் வீங்கினால் 'எண்ணெய் போட்டு உரஞ்சி' அடுத்த நாள் விட வேண்டாம், ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பாருங்கள். மருந்து விஷயமும் கவனம். பிரேசிலின் ரஃபேலா சில்வா, 2016 ஒலிம்பிக் தங்கம், 2019இல் ஆஸ்துமாவுக்குப் பாவிக்கிற, விளையாட்டில் தடைசெய்யப்பட்ட ஒரு மருந்து உடம்பில் கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு வருடத் தடை, டோக்கியோ ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. திரும்பி வந்து 2022இல் உலக சம்பியன் ஆனாள், அது அவள் நெஞ்சுரம். தேசிய மட்டத்துக்குப் போகும்போதே இருமல் பாணி, சத்து மா, லேகியம் எதுவானாலும் கேட்டுவிட்டுக் கொடுக்கிற பழக்கத்தை வீட்டில் தொடங்குங்கள்.

படிப்பு. அண்ணை, இதில்தான் எங்கள் ஊரில் அநேகப் பிள்ளைகளின் ஜூடோ முடிகிறது. ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) வருடம் வந்ததும் ரியூசன், பிறகு ஏ/எல் (உயர்தரம்), பின்னேரம் நாலு மணிக்கு மெத்தையில் ஆள் இல்லை. ஒரு ஆள் பழகுவதை நிறுத்தும்போது அவளோடு அது முடிவதில்லை, அவளோடு பழகிய மற்ற மூன்று பேருக்கும் எறிய ஆள் இல்லாமல் போகிறது. அடுத்த வருடம் அவர்களும் நிறுத்துகிறார்கள். பேயாவில் நடந்ததற்கு நேர் எதிர் இது. நான் படிப்பை விடச் சொல்லவில்லை. விட்டால் அது பெரிய பிழை, சுஷிலாவுக்கு இருந்த சம்பளம் எங்கள் பிள்ளைக்கு இல்லை. ஏ/எல் சித்தியடைந்த பிள்ளைக்குத் தேசிய, சர்வதேச விளையாட்டுத் திறமையை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற விசேட அனுமதி வழியும் இருக்கிறது, அதைப் பெற்றோரில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் கேட்பது கிழமையில் மூன்று பின்னேரம். பரீட்சைக்கு முந்தின மூன்று மாதம் ஒரு பின்னேரம். முழுதாக நிறுத்தாமல் இருந்தால் போதும், உடம்பு மறக்காது.

அப்போ உங்கள் பிள்ளை போக முடியுமா? தேசிய மட்டத்தில் பதக்கம், கனிஷ்ட தேசிய அணி, தெற்காசிய மட்டப் போட்டி என்பது இங்கிருந்து எட்டக்கூடியது, பத்து வருட வேலை. அதற்கு மேல் இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே போக முடியாது. 17, 18 வயதில் வருடத்துக்கு இரண்டு மாதமாவது கொழும்பில் பெரிய ஆட்களோடு பழக வேண்டும், முடிந்தால் இந்தியாவிலோ ஜப்பானிலோ ஒரு முகாம். இன்றைய நிலை இது. பேயாவிலும் 1999இல் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் மகளின் கழகத்தில் அவளுடைய எடைக்குக் கிட்ட எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுக்குக் குறைவென்றால், சனிக்கிழமை காலையில் அவளை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குக் கூட்டி வாருங்கள், எங்களிடம் 44க்கும் 57க்கும் இடையில் ஆறு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் புது ஆள் தேவை. சுன்னாகத்தில் இருந்தும் பருத்தித்துறையில் இருந்தும் இரண்டு தகப்பன்மார் ஏற்கனவே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆறரைக்குத் தொடக்கம். ஜூடோ உடுப்பு ஒன்றுதான் இருக்கிறதென்றால் வெள்ளி இரவே தோய்த்து, கழுத்துப் பட்டியை விரித்துக் காயப்போடுங்கள், மாரி காலத்தில் அது இரண்டு நாளானாலும் காயாது. விரலுக்கு டேப்பும் நகவெட்டியும் அவளே கொண்டு வரட்டும்.